முட்டிநிலை

புதன்கிழமைகளில் ஏற்காடு ஏறுகிறேன்.
இருபது கொண்டை ஊசி வளைவுகள்,
மடியில் காற்றிறக்கிய ரப்பர் பந்து.
பாதி மலையில் யாராவது கேட்பார்கள்:
"பையில என்னம்மா, ரெயின்கோட்டா?"

நாகலூர் பள்ளியில் சைக்கிள் பம்ப் இருக்கிறது.
ஐந்தாம் வகுப்புப் பையன்கள் முறைவைத்து அடிப்பார்கள்.
பந்து வீங்க வீங்க
கணக்குப் பாடம் சுருங்கும்.
ஸ்டெல்லா டீச்சர் அதை மன்னித்துவிட்டார்
என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் வேலை சுலபம்.
ஒரு முழங்கால், ஒரு கோணமானி, ஒரு எண்.
எழுது, அடுத்த ஆளைக் கூப்பிடு.
இங்கே கேள்விகள் வேறு.
தட்டோடு சத்துணவு வரிசையில் வெண்ணிலா நிற்பாளா?
கழிப்பறையில் எதைப் பிடித்து எழுவாள்?
தன் பெயரின் மூன்று சுழி 'ண'வில்
கடைசிச் சுழிக்கு ஏன் பென்சில் நழுவுகிறது?

கைக்கென்று தனியாக ஒருவர் வரவேண்டும்.
அந்தப் பணியிடம் காகிதத்தில் இருக்கிறது,
மலை ஏறவில்லை.
ஆகவே கால் படித்த நான் விரலையும் பார்க்கிறேன்.

பென்சிலுக்கு சைக்கிள் ட்யூபில் ஒரு சட்டை.
தொங்கும் பாதங்களுக்குக் கீழே
சாக்கு சுற்றிய இரண்டு செங்கல்.
மணிக்கட்டுத் தாங்கியின் பிளாஸ்டிக்கை இளக்க
சத்துணவுக் கூடத்து வெந்நீர்.
முட்டைகளை அள்ளிய கையோடு
குண்டானை என் பக்கம் தள்ளுவார் அலமேலு அக்கா.
வெண்ணிலாவின் மணிக்கட்டில்
இன்னும் லேசாக முட்டை வாசம்.

அவள் அப்பா வெள்ளையன் மிளகு பறிக்கிறவர்.
ஏணியை இறக்காமலே ஒருநாள் சொன்னார்:
"சேலம் போனா ஒருநாள் கூலி போச்சு.
பள்ளிக்கூடத்துலயே பாத்துடுங்க."

ஜூலையிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்:
முட்டிநிலை.
இடுப்பு மடங்காமல் முழங்காலில் நிமிர்வது.
நடைக்கு முந்தைய வாசல்படி.
பந்தில் சாய்த்தேன், கண்ணாடி காட்டினேன்,
ஜன்னல் கம்பியில் ஸ்டிக்கர் ஒட்டினேன்.
நாலு எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிடுவாள்.
"போரடிக்குது மிஸ்."

நவம்பரில் ஒரு புதன். மூடுபனி, பஸ் தாமதம்.
வகுப்பில் சத்தமே இல்லை.
எட்டிப் பார்த்தால்
மொத்த வகுப்பும் முட்டி போட்டிருக்கிறது.
சாக்பீஸ் டப்பாவைத் திறந்ததும்
டீச்சர் மடியில் தவளை குதித்திருக்கிறது.
யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.
"நீ உக்காரும்மா" என்றாராம் வெண்ணிலாவிடம்.

அவள் உட்காரவில்லை.
நாற்காலியிலிருந்து சரிந்து, பெஞ்சைப் பிடித்து,
பிறகு பெஞ்சையும் விட்டு,
கடைசி வரிசையில் முதுகு நிமிர்ந்து நின்றாள், முழங்காலில்.
"மூடியத் திருகுனது நான்தான்."

தண்டனை கூடாது, சுற்றறிக்கை இருக்கிறது.
உடனே சொல்லியிருக்க வேண்டும்.
நான் வாசலில் நின்று
நாற்பது வரை எண்ணினேன்.
பிறகுதான் இருமினேன்.
டீச்சர் என்னைப் பார்த்து முகம் சிவந்து
"எந்திரிங்கடா" என்றார்.

மாலைப் பதிவேட்டில் எழுதினேன்:
முட்டிநிலை, துணையின்றி, நாற்பது எண்ணிக்கை.
மூடி திருகுதல் — ஆகஸ்ட் இலக்கு,
'எட்டப்படவில்லை' என்பதை அடித்துத் திருத்தினேன்.
'எந்தச் சூழலில்' என்றொரு கட்டம் உண்டு.
அதில் தவளை என்று எழுதி
அழித்துவிட்டேன்.
அழித்த இடம் லேசாகத் தெரிகிறது.