ஆஜர்

வெர்ஜீனியாவில் ஒரு கவுண்டி நீதிமன்றம், அதன் நிலவறை.
மூன்று நாளாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
முப்பத்தோரு வருடம் தொலைபேசிக் கம்பம் ஏறியவன்;
எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவே
கம்பி அறுந்ததென்று
கீழே நின்றே சொல்லிவிடுவேன்.
இது எங்கே அறுந்ததென்று தெரியவில்லை.

பத்திரங்கள் எல்லாம் மரத்தில்தான் தொடங்குகின்றன.
'மூன்று வெட்டு வெட்டிய வெள்ளை ஓக்கிலிருந்து
வடக்கே நாற்பது கோல், இடி விழுந்த ஹிக்கரி வரை,
அங்கிருந்து ஓடை வளைகிறபடி வளைந்து
விதவை ஸ்ப்ராகின்ஸின் வேலிக்கு,
பிறகு தொடங்கிய இடத்துக்கே.'

ஓக் இல்லை. ஹிக்கரி இல்லை.
ஓடையைக் குழாய்க்குள் விட்டு
மேலே டயர் கடை கட்டியிருக்கிறார்கள்.
நேற்றுப் போய்ப் பார்த்தேன்.
சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது,
ஒரு வால்வு மாற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த நிலத்தில் குடியிருந்தவன் ஒபதியா கிராப்,
எனக்கு ஒன்பது தலைமுறை மேலே.
அவனுக்கு மேலே ஒரு கட்டம் நிரம்பிவிட்டது, தாய்.
பக்கத்துக் கட்டம் காலி.

நீதிமன்றக் குறிப்பேடு, 1712, பிப்ரவரி.
டாம்சின் கிராப், ஒப்பந்த வேலைக்காரி,
மணமாகாமல் ஆண்பிள்ளை பெற்றாள்.
தகப்பன் யாரென்று கேட்டதற்குச் சொல்ல மறுத்தாள்.
மறுபடி கேட்டதற்கும்.
ஐந்நூறு ராத்தல் புகையிலை
அல்லது இருபத்தைந்து கசையடி.
பிணை நிற்க ஆளில்லை.
எசமானுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு
ஒரு வருடம் கூடுதல் ஊழியம்.
அடுத்த வரி, அதே மையில்:
ஓநாய்த் தலை இரண்டு கொண்டுவந்தவனுக்குச் சன்மானம்.

இதை முதல் நாளே படித்துவிட்டேன்.
படித்துவிட்டு வெளியே போய் ஒரு சாண்ட்விச் தின்றேன்.

இன்று மதியம் கிடைத்தது வேறு புத்தகம், 1733.
லெமுவேல் ஹாக்கடே, கனவான்,
இருபத்தோரு வயது ஒபதியா கிராப்புக்கு
ஐந்து ஷில்லிங்கும்
'அவன்மேல் நான் வைத்த நல்லெண்ணமும்' கிரயமாக
நாற்பது ஏக்கர்.
வெள்ளை ஓக், ஹிக்கரி, ஓடை, விதவையின் வேலி.

ஐந்து ஷில்லிங்குக்கு யாரும் நாற்பது ஏக்கர் தரமாட்டார்கள்.
நல்லெண்ணத்துக்கும் தரமாட்டார்கள்.

ஹாக்கடே. எங்கோ பார்த்த பெயர்.
பழைய புத்தகத்தை மறுபடி இறக்கினேன்.
ஒவ்வோர் அமர்வுக்கும் தலையில் ஒரு வரி உண்டு,
எப்போதும் நான் தாண்டிப்போகிற வரி.
'ஆஜர்' என்று போட்டு ஐந்தாறு நீதிபதிகள்.
மூன்றாவது பெயர் அவன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறான்.
கேட்டவர்களில் ஒருவனாக,
அல்லது மற்றவர்கள் கேட்கையில்
ஜன்னலைப் பார்த்தவனாக.
அவள் அவன் பக்கம் திரும்பினாளா?
குறிப்பேட்டில் இல்லை.
இருபத்தைந்தையும் எண்ணியது யார்?
இல்லை.

பயமா, பிரியமா,
அந்த நாற்பது ஏக்கருக்கு அன்றே முடித்த பேரமா?
பிள்ளை வேறொருவனுடையதாகவும் இருக்கலாம்.
அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு
வயதான காலத்தில் ஒருவன் கட்டிய வட்டியாகவும்
இருக்கலாம் அந்த நிலம்.

மகள் ஒரு குப்பி வாங்கி அனுப்பியிருக்கிறாள்.
அதில் எச்சில் துப்பி அனுப்பினால்
ஆறு வாரத்தில் சொல்லிவிடுமாம்,
முதுகைக் கொடுத்து
டாம்சின் சொல்லாமல் விட்டதை.
உறை பிரிக்காமல் காரில் கிடக்கிறது.

நாலரைக்குப் பூட்டுகிறார்கள்.
வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தி: தேடும் குடும்பம்.
மூன்று நாளும் உள்ளே வரும்போது
கிராப் என்று எழுதினேன்.
வெளியே போகும்போதும் எழுத வேண்டும்.
பேனா நின்றது.
வெர்னெல் சாவிக்கொத்தைக் குலுக்கினாள்.
"பெயரைச் சொல்லுங்க," என்றாள்,
"நானே போட்டுக்கறேன்."