நான்காவது கால்வாய்

மழை பெய்தால்தான் தங்கலீலாவுக்குப்
பல் வலிக்க நேரம்.
மற்ற நாட்களில் விடியுமுன் மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பொன்மனை மேட்டில் முந்நூறு மரம்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேர் எதிரே
என் கிளினிக், இரண்டாம் மாடி.
கனரக லாரி போனால்
தட்டில் ஃபைல்கள் சிணுங்கும்.
"பறிச்சுப் போடுங்க டாக்டரே,
சல்லியம் தீரட்டும்" என்றாள் போன மாதம்.
பறிக்க முந்நூறு, காக்க நாலாயிரம்.
அதை ரப்பர் ஷீட்டின் கிலோவாக மாற்றி
உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தவள்
"பாதி இப்பம், பாதி வெயில் வந்த பொறவு."

அன்று மூன்று கால்வாய் கண்டேன்.
மூன்றையும் சுழல் ஃபைலால் சீவி
கழுவி, மருந்து வைத்து மூடினேன்.

இன்று மறுபடி மழை. மறுபடி அவள்.
"கடிச்சா உள்ள ஒரு விண்ணு.
சின்னதாக்கும்.
ஆனா உண்டு."

படித்ததுதான்.
மேல் முதல் கடைவாய்ப் பல்லில்
கன்னத்துப் பக்கத்து முன்வேருக்குள்
பெரும்பாலும் இன்னொன்று ஒளிந்திருக்கும்,
முதல் துவாரத்திலிருந்து அண்ணத்தை நோக்கி
இரண்டு மில்லிமீட்டர் தள்ளி.
தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
அன்று வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.
கண்ணில் பட்ட மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அதை அவளிடம் சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தாள்.
"அப்பம் இன்னிக்குத் தேடுங்க."

ஊசி போட்டு, உதடு மரத்த பின்
நீல ரப்பர் விரிப்பில் துளையிட்டுப்
பல்லில் கவ்வவைக்கும்போது
குழறிக் குழறிக் கேட்டாள்:
"இது எங்க பாலா?"
ஷைனி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மலேசியா.
விரிப்புக்கு மேலே
புருவம் மட்டும் சிரித்தது.

இன்னும் முப்பத்தொரு தவணை பாக்கியுள்ள
மைக்ரோஸ்கோப்பை இறக்கினேன்.
பல்லின் தரை மைதானமாக விரிந்தது.
சாம்பல் நிறத்தில் கோடுகள்,
ஓரத்தில் ஒரு வெளிர் மேடு.
அல்ட்ராசானிக் முனையால் மேட்டில் ஒரு மயிரளவு.
இன்னும் ஒரு மயிரளவு.
கூடினால் வேர் ஓட்டையாகும்.
குறைந்தால் அடுத்த மழைக்கும் இவள் வருவாள்.

பட்டையில் ஒரு மில்லி மிச்சம் வைத்து
இருட்டில் கத்தி இழுக்கிற கை அவளுக்கு.
தடியில் பட்டால் மரம் முண்டு கட்டும்.
நாற்காலிப் பிடியில் அவள் கட்டைவிரல்
முனையின் சத்தத்தோடு நகர்ந்துகொண்டிருந்தது.
ஒரு கணம், எனக்கு முன்பே,
அது நின்றது.
நானும் எடுத்துவிட்டேன்.

எட்டாம் நம்பர் ஃபைலின் நுனி
வழுக்கியது, வழுக்கியது,
பிடித்தது.

"கிட்டிச்சா?" ஷைனி.
நான் மூச்சு விடவில்லை. மூச்சு விட்டால்
வளையும், வளைந்தால் முறியும்.
நீளம் காட்டும் கருவி
விட்டு விட்டுக் கூவி, பிறகு விடாமல் கூவியது.
பத்தொன்பதரை.

கழுவுவதுதான் வைத்தியம், சீவுவது வழி போடுவது.
ஹைப்போகுளோரைட் அறையெங்கும் நாறியது.
வேர் நுனியில் காற்றுக்குமிழ் நின்றால்
மருந்து இறங்காது.
அழுத்தித் தள்ளினாலோ எலும்புக்குள் போய்ச் சுடும்.
ஊசியைச் சற்று மேலேயே நிறுத்தி,
அதிர்வில் அலையவிட்டு,
கலங்கல் தெளியும்வரை காத்திருந்தேன்.

விரிப்பைக் கழற்றித் திரையில் படத்தைக் காட்டினேன்.
"எங்க சானலும் இப்பிடித்தான்" என்றாள்.
"வெள்ளம் விட்டாச்சும்பான்.
கடைவரம்பு காஞ்சு கிடக்கும்."

அடைப்பது அடுத்த தடவை.
அடைக்கிற கட்டா பெர்ச்சா குச்சியை,
ஆரஞ்சு நிறத்தில் ஊசிபோல ஒன்றை,
உள்ளங்கையில் வைத்தேன்.
"இதுவும் ஒரு மரத்துப் பால்தான்."
மூக்கருகே கொண்டுபோனாள்.
"நாறல்லியே" என்றாள், நம்பாமல்.

மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை.
அவளும் பேச்செடுக்கவில்லை.
படியிறங்கும்போது மேம்பாலத்தின்மேல் வானம்
வெளுத்திருந்தது.
"நாளைக்கு வெட்டு உண்டு" என்றாள்
மரத்த பக்கத்துக் கன்னத்தைத் தடவியபடி,
குடையை மடக்கி.