வி பற்றாக்குறை

எழுபத்தேழில் எல்லாப் பாட்டிலும் விழி.
விழியோரம், விழிநீர், விழிவாசல்,
ஒரு சரணத்துக்குள் ஏழு தடவை.
கோட்டையில் ஆட்சி மாறியது.
எங்கள் எழுத்துக் கேஸில் எதுவும் மாறவில்லை.
'வி'க்கு ஒரே அறை,
அதில் நாற்பத்திரண்டு ஈய எழுத்து.

பழைய வண்ணாரப்பேட்டை, ஜீவரத்தினம் பிரஸ்.
பதினாறு பக்கம், பதினைந்து காசு, சினிமாப் பாட்டுப் புத்தகம்.
அட்டையில் கதாநாயகி;
மை கூடிப்போனால் அவளுக்கு மீசை முளைக்கும்.
லை, ணை எல்லாம் தும்பிக்கையோடு இருந்த காலம்,
அடுத்த வருஷம்தான் வெட்டினார்கள்.
எழுத்துக் கோர்க்கிறவள் நான்.
ஊருடைய காதல் எல்லாம்
எனக்குத் தலைகீழாகத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். வியாழன் சாயங்காலம்
நாலாம் பாட்டின் பல்லவிக்குக் கையை விட்டேன்.
அறை காலி.
விரல் நுனியில் ஈயத் தூசு.
முதலாளி பேப்பருக்குக் கடன் சொல்ல
மின்ட் தெருவுக்குப் போயிருந்தார்.
டிரெடில் மிதிக்கிற பையன்
"எக்கோவ், இன்னும் எம்மா நேரம்?" என்றான்.

'உன் விழி பார்த்தே ராத்திரி கரைந்தது'
என்றது கையில் இருந்த தாள்.
'வ' நிறைய இருந்தது.
ஒரு கொக்கிதானே.
'உன் வழி பார்த்தே ராத்திரி கரைந்தது'
என்று முடுக்கி அனுப்பிவிட்டு
கை கழுவ மண்ணெண்ணெய் எடுத்தேன்.

ஆடியில் காசிமேட்டில் கூழ் ஊற்றிய ராத்திரி
மெல்லிசைக் கச்சேரி.
ராயபுரம் டென்சிலின் கிதாரில் ஒரு கம்பி குறைவு.
பாங்கோஸ் ஜாபர் ஷிப்டு முடித்து
கிரீஸ் கையோடு வந்திருந்தான்.
பாடகி குணபூஷணிக்கு இசைத்தட்டு வாங்க வசதியில்லை,
இலங்கை வானொலியில் கேட்டது பாதி கடல் இரைச்சல்.
மீதிக்கு எங்கள் புத்தகம்தான்.
பல்பைச் சுற்றிய ஈசலை அதனாலேயே விசிறிக்கொண்டாள்.

சிரிக்கச் சிரிக்கப் பாட வேண்டிய பாட்டு.
படத்தில் அவன் பக்கத்திலேயே இருக்கிறான்.
'வழி' வந்ததும் அவள் குரல் கொஞ்சம் தயங்கி
யாரோ எழுந்துபோன இடத்தைச்
சுற்றிக்கொண்டு போயிற்று.
டென்சில் அவள் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
மூணு நாளாய் ரெண்டு லாஞ்சு திரும்பவில்லை.
'ஒன்ஸ் மோர்' ஆம்பளைங்க கத்துவது.
அன்றைக்குக் கேட்டது மீன் ஏலம் போடுகிற தேசராணி,
அஞ்சு ரூபாயை மேடை விளிம்பில்
கல் வைத்து அழுத்திவிட்டு.
நாலு தடவை பாடினாள்.
நான் கடலை மடித்து வந்த காகிதத்தை
முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

லாஞ்சு விடிந்ததும் வந்துவிட்டது. இஞ்சின் கோளாறு.
பாட்டு மட்டும் கரையிலேயே தங்கிவிட்டது.

முதலாளி கண்டுபிடித்து அரைநாள் கூலி பிடித்தார்.
திருத்தி ஐநூறு அடித்தோம்.
"இதுல தப்பா கீது" என்று
கல்மண்டபத்துக் கடைக்காரர் கட்டோடு திருப்பி அனுப்பினார்.

மவுண்ட் ரோட்டில் ஓடித் தேய்ந்து
படம் எங்கள் பக்கம் வந்தபோது புரட்டாசி.
தரை டிக்கெட்.
திரையில் அவன் தெளிவாக 'விழி' என்றான்.
விசில். செருப்புச் சத்தம்.
"இன்னாபா, தப்பாப் பாடறான்!"

எனக்கு முன்னால் தேசராணி
வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு
பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:
"கண்ணைப் பாத்துக்கினு எவடி ராவெல்லாம் குந்துவா?
வழியைத்தான் பாப்பா."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆயுதபூஜைக்கு மிஷினைத் துடைக்கையில்
மிதிகட்டைக்கு அடியில் ரெண்டு 'வி' கிடைத்தது.
ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது.
அதை எடுத்து
'வ' அறையில் போட்டேன்.