வா417

எம்.சி. ரோட்டில் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
டப்பாவைப் பிரித்தேன்.
துப்பாக்கி மாதிரி ஒன்று, சுருண்ட ஒயர்,
எறும்பு எழுத்தில் மடித்து மடித்து ஒரு தாள்.
தாள் முழுக்கக் கோடுகள்.
இதற்குப் புத்தி சொல்வதென்றாலும்
கோட்டைத்தான் காட்ட வேண்டுமாம்.

முதல் கோடு: இதுவரை கற்றதை மற.
ட்ரிக்கரை இழுத்தேன். மறந்தது.
அவ்வளவு சுலபம்.

துப்பட்டா, லெக்கின்ஸ், ஒரு நைட்டி.
மூன்று எண்ணும் ஒரே கட்டத்தில்
காலை எட்டு மணி திருவொற்றியூர் பஸ் போல
ஒன்றின் முதுகில் ஒன்று.
எண்டர் இல்லை.
தாளின் பின்பக்க மூலையில், மடிப்புக்குள்
ஒளிந்திருந்தது எண்டருக்கான கோடு.
காட்டியதும்
கண்டக்டர் அதட்டியது மாதிரி
ஒவ்வொன்றும் தன் வரியில் இறங்கி நின்றது.

மாடியிலிருந்து தவசிக்கனி அண்ணாச்சி:
"சத்தமே கேக்கலையே, லூர்து!"
அவருக்கு ஒவ்வொரு பீப்பும் ஒரு விற்பனை.
பீப் இல்லாமல் பை படியிறங்கினால் திருட்டு.
ஒலிக்கு மூன்று கோடு இருந்தது.
நடுவில் உள்ளதைக் காட்டிவிட்டு
"இதான் பெருசு" என்றேன்.

வேடிக்கை அதற்கப்புறம்தான்.
வீனஸ் குவாலிட்டிக்காரன் சுரிதாருக்கு
அவனே அச்சடிக்கிற லேபிள்:
சின்ன எழுத்தில் வி, க்யூ, அப்புறம் நானூற்றுப் பதினேழு.
சுட்டேன்.
திரையில் விழுந்தது
வா417.
மறுபடி சுட்டேன். வா.
அப்படி ஒரு பொருள் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

மெஷின்மேல் குற்றமில்லை.
மத்தியானம் போர்டுக்கு
'இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்' அடித்த நான்தான்
தமிழை அணைக்காமல் விட்டிருக்கிறேன்.
இது கையில்லாத டைப்பிஸ்ட்,
எந்த மொழி திறந்திருக்கிறதோ அதில் அடிக்கும்.

தெரிந்த பிறகும் உடனே அணைக்கவில்லை.
மணி பத்தே முக்கால்.
கொருக்குப்பேட்டை கேட் இந்நேரம் மூடியிருந்தால்
வீடு சேரப் பதினொன்றரை.
காலையிலிருந்து கவுண்டரில் என்னிடம் பேசியதெல்லாம்
எவ்ளோ
கொறைங்க
பை குடுக்க மாட்டீங்களா.
சிவப்புக் கோட்டை லேபிள்மேல் படுக்க வைத்து
இழுத்தேன்.

வா.
வா.

இன்னும் ஒரு தரம்.
வா.

"யாரும்மா அது, இந்நேரத்துல
அஞ்சு சுரிதார் எடுக்கறது?"

"டெஸ்ட்டு, அண்ணாச்சி."

இங்கிலீஷுக்குத் திருப்பினேன்.
சுரிதார், மெரூன், எக்ஸெல்.
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.