கையிருப்பு

அரை இஞ்சு வாஷர் ஒன்றுக்காக
பாடாங் செராயிலிருந்து கூலிம் போய் வந்தேன்.
பெட்ரோல் ஆறு வெள்ளி.
போகையில் செம்பனை லோரியின் வாலைப் பிடித்து ஊர்ந்தது,
வருகையில் மழைக்கு ஒதுங்கியது,
எல்லாம் சேர்த்து இரண்டே கால் மணி.
வாஷர் இருபது சென்.

தண்ணீரை அடைத்துவிட்டுப் போன வீட்டில்
தவமலர் அரிசி களையாமல் உட்கார்ந்திருந்தார்.
நான் மாட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் வேனைக் கழுவும்போது
இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு வந்த மைலோ டின்னில்
அதே வாஷர்.
பதினெட்டு.
வேனின் தரையில் வரிசையாக அடுக்கினேன்.
பதினெட்டும் வாயைப் பிளந்துகொண்டு
என்னைப் பார்த்தன.

"உனக்குச் சாமான் இல்லாத வியாதி இல்லை,
இருக்கிற இடம் தெரியாத வியாதி" என்றாள் இருதயமேரி.
அவளுக்கு வயரிங், எனக்குப் பைப்.
வேன் இருவருக்கும் பொது,
குப்பை மட்டும் என்னுடையது.

ஹரிராயா விடுமுறையில் கேன்வாஸ் விரித்து
வேனையே கவிழ்த்தோம்.
முக்கால் இஞ்சு எல்போ நாற்பத்தொன்று.
ஒன்றரை இஞ்சில் ஒன்றுகூட இல்லை.
பாதி பாதியாய்ப் பதினோரு சுருள் வெள்ளை டேப்,
ஒவ்வொரு வீட்டு வாசலிலும்
'எங்கே போச்சு' என்று திட்டிக்கொண்டே
புதிதைப் பிரித்தவன் நான்தான்.
மூடி திருகாத பசை, கல்லாகிப் போய்.
யார் கேட்டார்கள் என்றே நினைவில்லாத ஷவர் தலை.
கோழிக் குழம்பு வாசம் இன்னும் போகாத
ஒரு டிபன் பாக்ஸ்.

கிளினிக்கில் கொடுத்த மாத்திரை டப்பாக்கள்
அவள் வீட்டில் நிறைய.
திங்களில் வாஷர், செவ்வாயில் ஓ-ரிங்,
புதனில் ஃபியூஸ், வியாழனில் கெப்பாசிட்டர் கொள்ளாது,
அதற்கு முட்டை அட்டை.
ஞாயிறைக் காலியாக விட்டாள்.
ஏன் என்றேன்.
"ஞாயிறு வேலை இல்லை."

எதிலும் கடைசி இரண்டைச் சிவப்பு நூலால் கட்டினாள்.
நூலை அறுத்தால் நோட்டில் எழுது.
எழுதாமல் அறுத்தால் எனக்கு ஒரு தே ஓ.
முதல் மாதம் ஒன்பது தே ஓ வாங்கிக் கொடுத்தேன்.
அடுத்த மாதம் இரண்டு.
அதற்கடுத்த மாதம் அவளே
தன் காசில் குடித்தாள், கொஞ்சம் கோபத்தோடு.

நேற்று ஏழு மணிக்கு அழைப்பு.
மூன்றாம் டிவிஷன் பழைய லயம்.
இப்போது அங்கே வங்காளதேசத்துப் பையன்கள் நாற்பது பேர்.
குலை வெட்டிய உடம்போடு
வாளியை வைத்துக்கொண்டு நின்றார்கள்.
பம்ப் முனகியது, சுழலவில்லை.
முட்டை அட்டை, இரண்டாம் வரிசை, சிவப்பு நூல்.
அறுத்தேன். மாற்றினேன்.
பதினோரு நிமிஷம்.

கிராணி நல்லபெருமாள் கடிகாரத்தைப் பார்த்தார்.
போன வருஷம் இதே பம்புக்கு
மூன்று தடவை டவுனுக்கு ஓடி
அரை நாள் வியர்த்துக் கொட்டியபோது
நூற்றிருபதை எண்ணித் தந்து
"பாவம்பா நீ" என்று மைலோவும் ஊற்றிக் கொடுத்தவர்.
"இதுக்குப் போயி எழுபதா?" என்றார்.
"உக்காரக்கூட இல்லையே நீ."

ஐம்பதுதான் கைக்கு வந்தது.
பின்னால் நாற்பது பேர் தலையில் தண்ணீர் விழும் சத்தம்,
யாரோ ஒருவன் பாட ஆரம்பித்திருந்தான்.

வேன் விளக்கில் நோட்டைத் திறந்தேன்.
கெப்பாசிட்டர் ஒன்று, போனது.
நூல், அறுந்தது.
மீதி இருபது வெள்ளியை
எந்த அறையில் போடுவது என்று
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன்.

ஞாயிறு காலியாகத்தான் இருந்தது.