கதவு பூட்டப்படாது

ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் கூட்டம்.
பெட்டியை இரும்புக்கு விற்பதில்லை,
வாசலில் ஊருக்கு அடையாளமாக நிறுத்துவது என்று
ஒன்பது பேர் கை உயர்த்தினார்கள்.
நூர்தீன் காக்கா மட்டும்
"முதல்ல என்ன மிச்சம் எண்டு பாருங்கோ" என்றார்.

போய்ப் பார்த்தோம்.
பாதியைத் தின்றது உப்புக் காற்று.
மீதியை நாங்கள்.

தரை இடுக்கில் முளைத்த ஆமணக்கு
டிக்கெட் இல்லாமல் நின்றது.
அடியில், சில்லுகளின் நிழலில்,
மூன்று புள்ளிமான்கள்
எங்களைப் பார்த்துவிட்டு
அசைபோடுவதைத் தொடர்ந்தன.

அறிவித்தல் எழுதும் வேலை எனக்கு.
எழுத்து அழகாம்.
"பெட்டியின் சாமான்களைத்..." என்று தொடங்கி நின்றேன்.
திருடியவர்கள் என்றால் வரமாட்டார்கள்.
பாதுகாத்தவர்கள் என்றால் சிரிப்பார்கள்.
கடைசியில் அதைக் கிழித்துவிட்டு ஒரே வரி,
மூன்று மொழியிலும்:
இரவில் கதவு பூட்டப்படாது.

முதல் விடியலில் ஒரு பித்தளைக் கொளுக்கி.
நாலாம் நாள் மின்விசிறிக் கூடு, கருவாட்டு வாசத்தோடு.
ஓர் ஆசனப் பலகை,
அதன் முதுகில் சோக்கட்டியால் ஏழாம் வாய்ப்பாடு,
ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று.
ஒரு யன்னல் அடைப்பு:
யாரோ முப்பது வருடம்
அதன்மேல் வெங்காயம் வெட்டியிருக்கிறார்கள்.
யார் கழற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை.
எந்த வருடம் என்று கேட்டால்
எந்த இரவு என்று சொல்ல வேண்டி வரும்.

ஜெசிந்தா பகலில் வந்தாள்,
மீன் சந்தையில் ஐஸ் உடைப்பவள்.
கையில் ஒன்றுமில்லை.
உள்ளே ஏறி, மூன்றாவது யன்னலடியில் குனிந்து
தரையின் ஓட்டையைச் சாணால் அளந்தாள்.
"நாலு பலகை. எரிச்சுப் போட்டன்.
பிள்ளைக்குக் காய்ச்சல். வெளியில போகேலாது."
பிறகு தச்சரைப் பார்த்து,
"இதை மட்டும் அடைக்காதேங்கோ."

விமலசூரிய தமிழில் தடுமாறுகிறவர்.
அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.
மறுநாள் அந்த விளிம்பை
கால் கிழிக்காதபடி
சீவி மட்டும் விட்டிருந்தார்.

திறப்பு விழா முடிந்து எட்டு மாதம்.
பெட்டிக்கு மண்ணிறம், புது இலக்கம், சுற்றிவரச் செவ்வந்தி.
செவ்வந்தியை மான்கள் தின்றுவிட்டன.
உல்லாசப் பயணிகள் கவுண்டருக்கு வந்து முறையிடுகிறார்கள்,
தரையில் ஓட்டை, குனிந்தால்
கீழே ஒரு மானின் காது அசைகிறது என்று.

வேலை இன்னும் முடியவில்லை என்கிறேன்.