எட்டாம் எபிசோடின் மொழிபெயர்ப்பு

பணகுடிக்குத் தெற்கே
ஆடிக்காற்று கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கிற அறையில்
ராத்திரி ஷிஃப்டுக்கு நாங்கள் இரண்டு பேர்.
அறுபத்தெட்டுக் காற்றாலைகளுக்குக் காவல்.
எது நின்றாலும் திரையில் சிவப்பாகும்.
சிவப்பாகாதவரை
என் செல்போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்துவைத்து
தாய்லாந்துத் தொடர் பார்ப்போம்.

தமிழில் எழுத்து ஓடாது.
இங்கிலீஷில் ஓடுவதை வாசித்து
இசக்கிதுரைக்கு நான் சொல்ல வேண்டும்.
முதல் நாள் கேட்டான்:
"ரெண்டும் பயலுவல்லா?"
ஆமா என்றேன்.
"பொம்பளப்பிள்ளையே வராதா?"
வரும், அக்காவாக, டாக்டராக.
காரச்சேவுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
"சரி, போடு" என்றான்.

அப்புறம் அவனுக்கு அபிப்பிராயங்கள் முளைத்தன.
காலேஜ் படிக்கிற பயலுக்கு இம்புட்டுப் பெரிய வீடு எப்படி.
குடையைக் கையில் வைத்துக்கொண்டே ஏன் நனைகிறான்.
கொரியாக்காரன் ஆறாம் எபிசோட் வரை கையைத் தொடுவதில்லை,
"லோன் ஆபீஸ்ல அலையவிடுத மாதிரில்லா இருக்கு."
ஜப்பான்காரன் சோறாக்கிப் போடுகிறான், அது நல்ல மனசு.
தைவான் தொடரில்
மகன் கல்யாணத்துக்கு அப்பா வந்து அழுதபோது மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான்.
நாற்பத்தொன்று நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வேறு குறை.
இந்தப் பயல்களுக்குச் சாதி கிடையாது,
வாடகை பாக்கி கிடையாது,
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிடுகிற
சித்தப்பா ஒருவர்கூடக் கிடையாது.

இப்போது ஓடுவது ரோபோ கதை.
கம்பெனி செய்து அனுப்பிய ஒரு பையன்.
வாங்கியவன் தனியாள், பியானோ ரிப்பேர் பார்க்கிறவன்.
இரண்டும் ஆண் என்பது
இசக்கிதுரைக்கு மறந்தே போயிற்று.
அவன் சண்டையெல்லாம் வயரிங்கோடு.
"பிடரியில சாக்கெட்ட வச்சிக்கிட்டு மழையில நிக்கான்.
ஷார்ட் ஆவாதாடே?
நம்ம மெஷினே ஈரம் பட்டா எர்ரர் அடிக்கி."
பிறகு, சேவைத் துழாவியபடி:
"அவனுக்கு நெசமாவே பிடிச்சிருக்கா,
பிடிக்கணும்னு எழுதி அனுப்பிட்டானுவளா?
அத அவனே கேக்கான் பாரு.
மனுசப்பய எவன் கேக்கான்."
திசையன்விளையில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள்.
ஆவணியில் நிச்சயம்.

எட்டாம் எபிசோடில்
மொட்டை மாடியில், அணையப்போகிற நேரத்தில்,
ரோபோ ஒன்றரை நிமிஷம் பேசிற்று.
நான் வாசித்தேன்.
உன் பக்கத்தில் இருக்கும்போது எனக்குள் ஒரு தவறு நடக்கிறது.
சரிசெய்து தருகிறோம் என்றார்கள்.
வேண்டாம் என்றுவிட்டேன்.
நீ சிரித்தால் போதும் என்று பொய் சொல்லமாட்டேன்.
போதாது.

"என்ன சொல்லுதான்?"
அவன் முழங்கை என் முழங்கையில்.
வெளியே அத்தனை காற்றாலைகளும்
மேற்கே முகம் திருப்பி நின்றன.
"சார்ஜ் கம்மியாம்" என்றேன்.

"இம்புட்டு நேரம் பேசுனான்?"
"அந்த பாஷை அப்படித்தான், நீளும்."
திரையையே பார்த்தான்.
ரோபோவின் கண்ணில் தண்ணீர்.
"சார்ஜுக்கா அழுதான்" என்றான்,
கேள்விக்குறி இல்லாமல்.

ஐம்பத்திரண்டு சிவப்பாயிற்று.
டார்ச்சும் ஹெல்மெட்டும் எடுத்துக்கொண்டு
அறையைப் பூட்டிப் பைக்கை எடுத்தோம்.
செம்மண் பாதை. இருபக்கமும் உடைமரம்.
காற்று ஹேண்டிலைப் பிடுங்கியது.
பின்னால் உட்கார்ந்திருந்தவன்
என் முதுகுக்கு என்னவோ சொல்லிக்கொண்டே வந்தான்,
நீளமாக, நிறுத்தி நிறுத்தி.
ஒரு சொல்கூட என்னிடம் வந்து சேரவில்லை,
எல்லாம் கடல் பக்கமாய்ப் போயிற்று.

காற்றாலையடியில் வண்டியை நிறுத்தி
என்னடே சொன்ன என்றேன்.
ஹெல்மெட் வாரை மாட்டியபடி
ஏணியைப் பார்த்தான், மேலே பார்த்தான்.

"சார்ஜ் கம்மின்னேன்."